தொலைந்த குதிரைகளும் ஒரு கியூஆர் தாளும்

என் காரின் வலுவை அளக்கும் டைனோ இயந்திரத்தின் உருளைகள் ஓய்ந்ததும் அச்சுப்பொறியில் இருந்து வந்த தாளில் 108 குதிரைவலு என்று இருந்தது. எனக்கு முன்னால் ஏறிய வாகனத்தின் தாள் மாறி வந்துவிட்டதோ என்று மேல் மூலையைப் பார்த்தேன். என் வாகன இலக்கம்தான். இரண்டாவது ஓட்டம் 106. மூன்றாவது 102. உருளைகளை இயக்கியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னொன்று போடவா?" என்று கேட்டார். வேண்டாம் என்றேன். இறங்கிக்கொண்டே போகும் ஏலத்தில் நிற்பதுபோல் இருந்தது.

கிளிநொச்சியில் இருந்து கொழும்புப் பக்கம் ஏறத்தாழ 330 கிலோமீற்றர். அந்த மூன்று ஓட்டங்களுக்காக நள்ளிரவில் புறப்பட்டுப் போயிருந்தேன். துணைக்கு வந்த சினேகிதன் திரும்பும் வழியில் அனுராதபுரம் தாண்டும்வரை வாய் திறக்கவில்லை. மதவாச்சியில் தேநீர்க் கடையைக் கண்டதும், "நிறுத்து, இருக்கிற குதிரைகளுக்காவது தண்ணீர் காட்டுவோம்" என்றான். அன்றைக்கு அந்தப் பகிடியை ரசிக்கும் நிலையில் நான் இல்லை.

கார், டொயோட்டா ஸ்டார்லெட் கிளான்சா. 1990களின் பிற்பகுதியில் ஜப்பானுக்குள் விற்பதற்கென்று செய்த சின்ன உடம்பு. 1331 சீசீ என்ஜின், அதன் பக்கத்தில் காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் தேங்காய் அளவிலான ஒரு டேர்போ. தொழிற்சாலைக் கணக்கில் வலு 135 பிஎஸ். உழவு இயந்திர உதிரிப்பாகக் கடை வைத்திருப்பவனுக்கு இது எதற்கு என்று என் மனைவி 2018இல் கேட்ட கேள்விக்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. வாங்கி மூன்று ஆண்டுகளில் முன்பக்கம் டேர்போவின் சூடான காற்றை ஆற்றும் பெரிய இன்டர்கூலர், அகலமான சைலன்சர் குழாய், கூம்பு வடிவக் காற்று வடிகட்டி எல்லாம் ஏறின. எரிபொருள் அளவைச் சரிசெய்யும் ஒரு பெட்டியும் வந்தது. டேர்போ தள்ளும் அமுக்கத்தை 0.8 பாருக்கு உயர்த்தினேன். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றபின் பழைய கார்களுக்கும் உதிரிப்பாகங்களுக்கும் தங்கத்தின் விலை வந்தது. அதையும் பொறுத்துக்கொண்டேன்.

அந்த 108 எனக்கு ஏன் வலித்தது என்றால், நான் எதிர்பார்த்துப் போனது 178. அந்த எண் எப்படி வந்தது என்று இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. 135 பிஎஸ் என்பது 133 குதிரைவலு. சைலன்சர் பெட்டியில் 10 கூடும் என்று எழுதியிருந்தது. வடிகட்டிப் பெட்டியில் 5. இன்டர்கூலருக்கு 10, அமுக்கத்தைக் கூட்டினால் 20. கடையில் சிட்டை போடுவதுபோல் எல்லாவற்றையும் கூட்டினேன்.

இரணைமடுக் குளத்தின் கதவை எவ்வளவு திறந்தாலும் கடைசி வயலுக்கு வருவது வாய்க்கால் கொள்ளும் தண்ணீர்தான். கமக்காரரின் மகனான எனக்கு இது பத்து வயதிலேயே தெரியும். என்ஜினும் அதேதான். காற்று வரும் பாதையில் எது ஒடுக்கமோ அதுதான் அளவைத் தீர்மானிக்கும். மற்ற எல்லாவற்றையும் அகலமாக்கினாலும் அந்தச் சின்ன டேர்போ தள்ளக்கூடியதற்கு ஓர் எல்லை இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியும் சொன்ன கூடுதல், பெரும்பாலும் ஒரே கூடுதலைத்தான் வேறு வேறு பெயரில் சொன்னது.

இரண்டாவது தவறு, இரண்டு வேறு அளவைகளை ஒன்றாகப் பார்த்தது. தொழிற்சாலை சொல்வது என்ஜினின் தண்டில் அளந்தது. டைனோ சொல்வது சில்லில் கிடைப்பது. நடுவில் கியர்ப்பெட்டியும் அச்சுகளும் ரயரும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். முன்சில்லு இழுக்கும் காரில் ஏறத்தாழ 15 சதவீதம் போகும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். அப்படிப் பார்த்தால், கை வைக்காத கிளான்சாவே சில்லில் 113 அளவில்தான் காட்டும். இந்தக் கணக்கைப் போட்டதும் ஒரு கணம் ஆறுதல் வந்தது, அடுத்த கணம் போய்விட்டது. இத்தனை இலட்சம் செலவழித்து, கை வைக்காத காரைவிட ஐந்து குறைவாக வைத்திருக்கிறேன்!

டைனோவுக்குப் போகிறவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. தாளில் பெரிதாக அச்சிட்ட எண்ணைவிட அடியில் சிறிதாக இருப்பவற்றைப் பாருங்கள். அன்றைய காற்றின் நிலைக்கு ஏற்ப எந்தத் திருத்தக் கணக்கைப் போட்டிருக்கிறார்கள் என்பது அங்கே இருக்கும். அமெரிக்க எஸ்ஏஇ முறை ஒன்று 25 பாகை வெப்பத்தில் உள்ள காற்றுக்குக் கணக்கிடும், ஜேர்மன் டின் முறை 20 பாகைக்கு. ஒரே ஓட்டத்துக்கு இரண்டும் வேறு எண் தரும். எந்தக் கியரில் ஓட்டினார்கள், ரயரில் எவ்வளவு காற்று, ஓட்டங்களுக்கு இடையில் எத்தனை நிமிடம் என்பவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறையும் அதே டைனோவில் அதே முறையில் ஓட்டினால்தான் ஒப்பிடலாம். வேறு டைனோவில் கூடுதலாகக் காட்டினால் மகிழ்ச்சி கிடைக்கும், தகவல் கிடைக்காது.

108, 106, 102 என்று இறங்கியதே ஒரு செய்தி என்பது எனக்கு அன்று விளங்கவில்லை. என்ஜினுக்குள் போகும் காற்று ஒவ்வொரு ஓட்டத்திலும் சூடாகிக்கொண்டு போகிறது என்பதுதான் அது. அதற்குப் பிறகு வருகிறேன்.

வீட்டுக்கு வந்தபின் இரண்டு மாதம் நான் செய்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீட்டிச் சொல்ல அதில் பெருமை ஒன்றும் இல்லை. எரிபொருள் பம்ப் பலவீனமாக இருக்கும் என்று யாரோ சொன்னார்கள். புதிய பம்ப் வாங்கிப் போட்டேன். மாற்றம் இல்லை. பிறகுதான் அமுக்கமானியை இரவல் வாங்கி எரிபொருள் அமுக்கத்தை அளந்தேன், அளவு சரியாக இருந்தது. பழைய பம்பைக் கழற்றுவதற்கு முன் அளந்திருந்தாலும் அதையேதான் காட்டியிருக்கும். விலை கூடிய இரிடியம் பிளக் நான்கு போட்டேன். பெட்டியில் இருந்த இடைவெளி 1.1 மில்லிமீற்றர். டேர்போ அமுக்கம் ஏறும்போது அந்த இடைவெளியில் தீப்பொறி அணைந்து கார் விக்கியது. இடைவெளியை 0.8 மில்லிமீற்றருக்குக் குறைத்ததும் விக்கல் நின்றது. அதாவது நானே புதிதாக ஒரு பிழையை உண்டாக்கி நானே தீர்த்தேன். பழைய எண்ணிக்கையில் ஒன்றும் கூடவில்லை.

இடையில் வருடாந்தப் புகைப் பரிசோதனை வந்தது. சித்தியடைந்தது. என்ஜின் நலமாக இருக்கிறது என்று அந்தச் சான்றிதழைக் காட்டி என் மனதைத் தேற்றிக்கொண்டேன். அந்தப் பரிசோதனையில் கார் நின்ற இடத்தில்தான் சுற்றுகிறது, பாரம் இழுப்பதில்லை. நாடி பார்த்துவிட்டு மூட்டை தூக்குவான் என்று சொல்வதுபோல.

கடைசியில்தான் கராஜ் ஐயாவிடம் போனேன். பரந்தன் பக்கம் ஒரு தகரக் கொட்டகை. முன்னால் எப்போதும் இரண்டு உழவு இயந்திரமும் ஒரு நெல் வெட்டும் இயந்திரமும் பிரித்துப் போட்டபடி கிடக்கும். என் கடைக்கு முப்பது வருட வாடிக்கையாளர். டேர்போ கார்களோடு அவருக்குப் பழக்கம் இல்லை என்று நானாக நினைத்து அதுவரை அவரிடம் காட்டவே இல்லை. டேர்போ இல்லாத டீசல் லொறி இப்போது எங்கே இருக்கிறது என்று அவர் என்னைத் திருப்பிக் கேட்டார்.

நான் கொண்டுபோன தாளை அவர் வாங்கிப் பார்க்கவில்லை. "தம்பி, முதலில் இதன் நெஞ்சைப் பார்ப்போம். நெஞ்சு சரியில்லை என்றால் மற்றதைப் பேசிப் பயனில்லை" என்றார். நான்கு பிளக்கையும் கழற்றினார். எரிபொருளையும் தீப்பொறியையும் துண்டித்தார். பற்றறிக்கு மின்னேற்றி, அக்சிலரேற்றரை முழுதாக மிதிக்கச் சொல்லி, ஒவ்வொரு சிலிண்டராக அமுக்கம் பார்த்தார். 160, 158, 161, 157. எண்ணின் உயரத்தைவிட நான்கும் ஒன்றுக்கொன்று கிட்ட நிற்பதுதான் முக்கியம் என்றார். ஒன்று மட்டும் பத்துச் சதவீதத்துக்கு மேல் விழுந்திருந்தால் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பார்க்க வேண்டும். ஒயில் விட்டதும் ஏறினால் பிஸ்டன் வளையம், ஏறாவிட்டால் வால்வோ தலைக் கஸ்கெட்டோ. எனக்கு அந்தத் தேவை வரவில்லை. இந்தச் சோதனைக்குப் போன நேரம் முக்கால் மணித்தியாலம். இரண்டு மாதம் முன்பே செய்திருக்க வேண்டியது.

"நெஞ்சு சரி. இனி மூச்சைப் பார்ப்போம்" என்றார்.

கொழும்பில் எடுத்த வரைபடத்தில் அமுக்கம் 4000 சுற்றில் 0.8 பார் வரை ஏறி, 6500க்கு வரும்போது 0.5க்கு இறங்கியிருந்தது. டேர்போ சின்னது, மேலே மூச்சு வாங்குகிறது என்று நானே அதற்கு விளக்கமும் சொல்லி வைத்திருந்தேன். அதில் பாதி உண்மை. மறுபாதியை ஐயா ஒரு பிளாஸ்டிக் மூடியால் காட்டினார். தண்ணீர்க் குழாய் வேலைக்குப் பாவிக்கும் பிவிசி மூடி. அதில் ஒரு துளை, துளையில் ரயர் வால்வு. டேர்போவின் வாயில் இருந்த குழாயைக் கழற்றி இந்த மூடியைச் செருகிக் கிளிப் போட்டு இறுக்கினார். ஒயில் மூடியைத் திறந்துவைத்தார். காற்று எங்கேயாவது என்ஜினின் வயிற்றுக்குள் போனால் சீல்களைத் தள்ளிவிடக்கூடாது என்பதற்காக. பிறகு கம்பிரசரால் மெல்ல மெல்ல அரைப் பார் அளவுக்குக் காற்று ஏற்றினார்.

சீறல் கேட்டது. எங்கே என்று தெரியவில்லை. அவர் வாளியில் சவர்க்காரத் தண்ணீர் கரைத்து, பெயின்ற் பூசும் தூரிகையால் ஒவ்வொரு மூட்டாகத் தடவிக்கொண்டு போனார். மேலே ஒன்றும் இல்லை. முன்பக்கம் குனிந்து இன்டர்கூலரின் அடி மூட்டில் தடவியதும், அப்பச்சட்டியின் விளிம்பில் மா பொங்குவதுபோல் நுரை எழுந்தது. ஒரு பக்கம் மட்டுமல்ல, கிளிப்பின் அரைச் சுற்றுக்கு. கழற்றிப் பார்த்தோம். அலுமினியக் குழாயின் நுனி வழுவழுவென்று இருந்தது. சிலிக்கன் குழாய் வழுக்காமல் பிடிப்பதற்கு நுனியைச் சுற்றி ஒரு மேடு இருக்க வேண்டும், அது இல்லை. உள்ளே டேர்போவில் இருந்து வந்த ஒயில் படலம் வேறு. அமுக்கம் குறைவாக இருக்கும்போது கிளிப் பிடித்துக்கொள்ளும், ஏறும்போது குழாய் சற்றே விலகிக் காற்றை விடும், இறங்கும்போது திரும்பவும் உட்கார்ந்துவிடும். கையால் ஆட்டிப் பார்த்தால் இறுக்கமாக இருப்பதுபோலவே தெரியும்.

"வரம்பில் நண்டு வளை இருந்தால் மேலே நின்று பார்க்கிறவனுக்குத் தெரியாது தம்பி. தண்ணீர் கட்டினால்தான் தெரியும்" என்றார்.

இந்தக் கசிவு இத்தனை நாள் ஏன் ஒளிந்திருந்தது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. சில கார்களில் என்ஜினுக்குள் போகும் காற்றின் அளவை வடிகட்டிக்குப் பக்கத்திலேயே அளப்பார்கள். அளந்த காற்று வழியில் வெளியேறினால் பெற்றோல் மிஞ்சிவிடும், கரும்புகை வரும், காட்டிக்கொடுத்துவிடும். என் காரில் அந்த அளவி இல்லை. காற்று போய்ச் சேரும் இடத்தில் உள்ள அமுக்கத்தைப் பார்த்துத்தான் பெற்றோல் அளக்கப்படுகிறது. எவ்வளவு கசிந்தாலும், வந்து சேர்ந்ததற்கு ஏற்ற பெற்றோல்தான் விழும். புகை இல்லை, எச்சரிக்கை விளக்கு இல்லை. பாவம் டேர்போதான் போதாததை ஈடுகட்ட இன்னும் வேகமாகச் சுற்றி, காற்றை இன்னும் சூடாக்கித் தள்ளிக்கொண்டிருந்தது. உங்கள் காரில் எந்த முறை என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். ஒரே நோய்க்கு இரண்டிலும் வேறு வேறு அறிகுறி.

குழாயின் நுனியில் பற்றுவைத்து மேடு கட்டி, ஒயிலைத் துடைத்து, அகலமான கிளிப் போட்டோம். மறுபடி காற்று ஏற்றியபோது நுரை வரவில்லை. இன்னொரு சின்ன வெற்றிடக் குழாயும் வெடித்திருந்தது, அதையும் மாற்றினோம்.

வீதியில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறேன். ஏ9 வீதி நேராக இருக்கிறது என்பதற்காக அதில் காரை விரட்டிப் பார்க்கிறவர்களைத் தெரியும். இரவில் சூடான தாரில் படுத்திருக்கும் மாடுகளையும், பின்விளக்கு இல்லாமல் நெல் ஏற்றி வரும் உழவு இயந்திரப் பெட்டிகளையும் அவர்களுக்குத் தெரியாது போலும். நான் செய்வது, விடியற்காலையில் ஆளில்லாத ஒரு துண்டில், மூன்றாம் கியரில் 40இல் இருந்து 70 வரை. சட்டம் விடும் வேகத்துக்குள் முடிந்துவிடும். தொலைபேசியில் நேரம் பதிவாகும். போகும் திசையில் மூன்று, வரும் திசையில் மூன்று, ஆறின் சராசரி. முன்பு 4.6 செக்கன் இருந்தது. கசிவை அடைத்தபின் 4.3. மேல்சுற்றில் என்ன நடக்கிறது என்பதை இது சொல்லாது. ஆனால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கொழும்புக்குப் போக முடியாதவனுக்கு இது போதும்.

அடுத்தது சூடு. கூம்பு வடிகட்டி றேடியேற்றருக்குப் பின்னால் திறந்தபடி இருந்தது. சமையலுக்குப் பாவிக்கும் இலத்திரனியல் வெப்பமானியின் கம்பியை அதற்குப் பக்கத்தில் கட்டிக்கொண்டு ஓட்டினேன். வெளியே 34 பாகை. வடிகட்டி உறிஞ்சும் காற்று 57. காற்றின் அடர்த்தி தனிவெப்பநிலைக்கு எதிர்விகிதம் என்பது பள்ளிக்கூடப் பாடம். 34இல் இருந்து 57க்குப் போனால் ஏழு சதவீதம் காற்று குறைந்துவிடும், டேர்போவுக்குள் போகும் முன்பே. வன்னி கடல்மட்டத்தில் இருந்து அதிக உயரம் இல்லை, ஆகவே உயரத்தைச் சாட்டாகச் சொல்ல முடியாது. வெயிலைச் சொல்லலாம். ஆனால் இந்த 57, வெயில் தந்தது அல்ல, நான் தந்தது. தொழிற்சாலை போட்ட அசிங்கமான கறுப்புப் பெட்டி வெளியில் இருந்து குளிர்ந்த காற்றை எடுத்தது. அதைக் கழற்றி எறிந்துவிட்டுச் சத்தம் அழகாக இருக்கிறது என்று இதைப் போட்டேன். வடிகட்டியைத் தட்டியபோது கிரவல் வீதியின் செம்மண் தூள் தேநீர்க் கோப்பை ஒன்றுக்கு நிரம்பும் அளவுக்கு விழுந்தது. கழுவினேன். அலுமினியத் தகட்டை வளைத்து மறைப்புக் கட்டி, முன்பக்கத்தில் இருந்து ஒரு குழாய் விட்டேன். 57, 41 ஆனது.

இத்தனையும் செய்து முடித்துக் கை கழுவிக்கொண்டு நிற்கும்போது ஐயா சொன்னார்: "சத்தத்தில் இன்னும் ஒரு சோம்பல் இருக்கிறது. பின்னேரம் இருட்டும்போது வா."

ஏன் இருட்டும்போது என்றால், தீப்பொறி விழும் நேரத்தைப் பார்க்கும் டைமிங் லைற் பகல் வெளிச்சத்தில் தெரியாது. என்ஜின் தண்டின் கப்பியில் உள்ள கீறலைத் துடைத்து, எழுத்துப் பிழை அழிக்கும் வெள்ளை மையால் அதில் ஒரு கோடு போட்டார். இந்த டொயோட்டாக்களில் பரிசோதனைப் பெட்டியின் இரண்டு முனைகளைக் கம்பியால் இணைத்தால்தான் கணினி தன் சொந்தத் திருத்தங்களை விட்டுவிட்டு அடிப்படை நேரத்தைக் காட்டும். அதைச் செய்யாமல் பார்த்தால் கோடு ஆடிக்கொண்டே இருக்கும், என்ன பார்க்கிறோம் என்றே தெரியாது. இணைத்தபின் விளக்கை அடித்தார். வெள்ளைக் கோடு அசையாமல் நின்றது. தீப்பொறி விழ வேண்டியது, பிஸ்டன் மேல்முனைக்கு வருவதற்கு 10 பாகைச் சுழற்சி முன்னால். அது 3 பாகையில் நின்றது.

"யாரோ வேண்டுமென்றே பின்னுக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள்" என்றார். தீப்பொறியைப் பிளக்குகளுக்குப் பகிரும் டிஸ்ரிபியூற்றரின் போல்ட்டில் புதிய ஸ்பானர் தடம் இருந்ததையும் காட்டினார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன். சிரித்தார். போர் நடந்த பொருளாதாரத் தடைக் காலத்தில் எங்கள் பக்கம் பெற்றோல் ஒரு போத்தல் கிடைப்பது குதிரைக்கொம்பு. மோட்டார் சைக்கிளும் பழைய கார்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சூப்பிப் போத்தலால் இரண்டு சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். மண்ணெண்ணெய் அமுக்கத்தைத் தாங்காமல் நேரத்துக்கு முன்பே தானாக எரியும், என்ஜின் தகரத்தில் கல் போட்டதுபோல் இடிக்கும். இடிக்காமல் இருக்கத் தீப்பொறியைப் பின்னுக்குத் தள்ளி வைப்பார்கள். வலு போகும், என்ஜின் பிழைக்கும். "நூறு வண்டிக்காவது என் கையால் இப்படிச் செய்திருப்பேன். தீப்பொறி பிந்தினால் வரும் சத்தம் என் காதில் இருந்து போகாது."

அப்படியானால் இது முந்திய சொந்தக்காரனின் வேலை. மலிவான பெற்றோலை ஊற்றுவதற்காக என் காரின் வலுவைத் திருடி வைத்திருக்கிறான்! அன்றிரவு சினேகிதனிடம் அந்த மனிதனைப் பற்றி நான் பேசியது இங்கே எழுதத் தக்கதல்ல.

10க்கு மாற்றுவது இரண்டு நிமிட வேலை. மாற்றிவிட்டு எதை ஊற்றி ஓட்டுவது என்பதுதான் பெரிய கேள்வி. ஒக்டேன் என்பது பெற்றோல் இடிப்பைத் தாங்கும் அளவு. எங்கள் பக்கம் கிடைப்பது ஒக்டேன் 92உம் 95உம், 95 எல்லா நாளும் எல்லா இடத்திலும் இருக்காது. இந்தக் கார் பிறந்த ஜப்பானில் உயர் ஒக்டேன் என்று விற்பது பெரும்பாலும் 100, அங்குள்ள தரவிதிப்படி 96க்குக் குறையக்கூடாது. அதாவது எங்கள் பக்கம் கிடைக்கும் மிக நல்ல பெற்றோல்கூட, இந்த என்ஜின் எதிர்பார்த்ததற்கு ஒரு படி கீழே. அதன்மேல் நான் அமுக்கத்தை வேறு உயர்த்தியிருக்கிறேன். வெயில் வேறு. இடிப்பைக் கண்டால் தீப்பொறியைப் பின்னுக்கு எடுக்கும் உணரி என்ஜினிலேயே இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது கடைசிக் காவல். அதை நம்பி ஓட்டினால் கணினி எந்நேரமும் பின்னுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும், டைனோவில் அது வலுக் குறைவாகவே தெரியும்.

ஐயா ஒரு செப்புக் குழாயின் நுனியைச் சுத்தியலால் தட்டித் தட்டையாக்கி, துளையிட்டு, என்ஜின் உடலில் உள்ள ஒரு போல்ட்டோடு சேர்த்து இறுக்கினார். மறுநுனியில் நீண்ட இறப்பர் குழாய், அது ஜன்னல் வழியாக உள்ளே வந்து அவருடைய காதுக்குப் போனது. நான் ஓட்ட, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். 95 ஊற்றியிருந்தோம். 0.8 பாரில் இரண்டு முறை கையை உயர்த்தினார். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. குழாயை என்னிடம் தந்து இன்னொரு முறை ஓட்டுவித்தார். நெல் பொரிவதுபோல் ஒரு மெல்லிய வெடிப்பு, அரைச் செக்கன். அவ்வளவுதான், ஆனால் ஒருமுறை கேட்டுவிட்டால் மறக்காது. 0.7க்கு இறக்கினோம். கை உயரவில்லை.

பெருமைக்கு 0.8 வைத்திருந்தேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தீப்பொறி பிந்தி நிற்கும் 0.8ஐவிட, சரியான நேரத்தில் நிற்கும் 0.7 நல்லது என்பதை விடியற்கால ஓட்டம் காட்டியது: 3.9 செக்கன்.

நவம்பரில் மறுபடி கொழும்பு. அதே டைனோ, அதே கியர், அதே திருத்தக் கணக்கு, ரயரில் அதே காற்று. ஓட்டங்களுக்கு இடையில் பத்து நிமிடம் விசிறி போட்டுவிட்டுக் காத்திருந்தோம். 124, 124, 122. சில்லில் 124 என்றால் என்ஜினில் ஏறத்தாழ 146. நான் கனவு கண்ட 178 இல்லை. அந்த 178 எந்த நாளும் அந்தக் காருக்குள் இருக்கவில்லை. அமுக்கக் கோடு முன்பு விழுந்த இடத்தில் இப்போது நிமிர்ந்து நின்றது. எனக்கு அந்தக் கோட்டில்தான் மகிழ்ச்சி. பதினாறு குதிரைகளில் எத்தனை கசிவுக்கு, எத்தனை சூட்டுக்கு, எத்தனை தீப்பொறிக்கு என்று துல்லியமாகப் பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. நடுவில் டைனோ ஓட்டம் இல்லை. வசதி உள்ளவர்கள் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம். செலவுக் கணக்கைச் சொல்லலாம்: காரை உண்மையில் சரிசெய்த கிளிப், குழாய், தகடு, வெள்ளை மை எல்லாம் சேர்த்து, தேவையில்லாமல் வாங்கிய பம்பின் விலையில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. ஐயா கூலி வாங்கவில்லை, என் கடையில் இரண்டு பேரிங் எடுத்துக்கொண்டார்.

திரும்பும் வழியில் வெயில் முகத்தில் அடித்தது. சினேகிதன் தன் பக்கத்து வெயில் மறைப்பை இறக்கினான். அதில் செருகியிருந்த, எரிபொருள் பங்கீட்டுக்கான பழைய கியூஆர் தாள் மடியில் விழுந்தது. 2022இல் எரிபொருள் வரிசைக் காலத்தில் எடுத்து, லமினேற் செய்து வைத்தது. காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர் என்று தொடங்கினார்களே, அந்தக் காலம். கியூஆர் முறை நின்றபின் அந்தத் தாளை யாரும் தொடவில்லை. அவன் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் என்னிடம் நீட்டினான். புளியங்குளம் தாண்டி ஓரமாக நிறுத்தினேன்.

பின்பக்கம், லமினேற்றுக்கு உள்ளே, நீல மையில் என் கையெழுத்து. "92 மட்டும்தான் கிடைக்கிறது. இடிக்கிறது. டைமிங் 3க்கு எடுத்தாயிற்று. 95 கிடைத்ததும் 10க்கு மாற்று."

அப்போதுதான் எல்லாம் நினைவுக்கு வந்தது. மூன்று நாள் வரிசையில் நின்று எடுத்த பெற்றோல், மேட்டில் ஏறும்போது கேட்ட சத்தம், வவுனியாவில் ஒரு கராஜ் பையனிடம் "எப்படியாவது இந்தச் சத்தம் வராமல் செய்துவிடு" என்று நான் சொன்னது. அவன் செய்தான். முந்திய சொந்தக்காரருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை.

சினேகிதன் மாங்குளம் வரை சிரித்துக்கொண்டு வந்தான்.

அந்தத் தாளை நான் எறியவில்லை. எழுத்துப் பக்கம் வெளியே தெரியும்படி திருப்பி, பெற்றோல் மூடியின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். அடியில் அழியாத மையால் இன்னும் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: "10 பாகை, 0.7 பார், 95 மட்டும்." ஊற்ற வருகிற பையன் ஒவ்வொரு முறையும் அதை வாசித்துவிட்டு, "அண்ணை, 95 இல்லை, என்ன செய்வது?" என்று கேட்கிறான். அந்த நாட்களில் ஐந்து லீற்றர் 92 ஊற்றிக்கொண்டு, அக்சிலரேற்றரைப் பாதிக்கு மேல் மிதிக்காமல், உழவு இயந்திரங்களுக்குப் பின்னாலேயே வீட்டுக்கு வருகிறேன்.